ஒரே குற்றம், மூன்று பேர், மூன்று முடிவு: தூக்குத் தண்டனை பற்றிப் பேசுவோமா?

ஏட்டுச்சுரைக்காய்:
தூக்கு வேண்டுமா வேண்டாமா என்று நேராகக் கேட்டால் ஐந்தாவது பதிவிலேயே கைகலப்பு ஆகிவிடும். அதனால் ஒரு வழக்கை மட்டும் முதலில் வைக்கிறேன்.

உத்தரப் பிரதேசத்தில் நடந்த கொலை வழக்கு. ஜீட்டா சிங், காஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங் என்று மூன்று பேருக்கு 1975இல் செஷன்ஸ் கோர்ட் தூக்கு கொடுத்தது. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மூவரும் தனித்தனியாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஜீட்டா சிங்கின் மனுவை ஓர் அமர்வு 1976இல் தள்ளுபடி செய்தது. காஷ்மீரா சிங்கின் மனு வேறோர் அமர்வுக்குப் போய், 1977இல் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. ஹர்பன்ஸ் சிங்கின் மனு இன்னோர் அமர்வில் 1978இல் தள்ளுபடி.

1981 அக்டோபர் 6ஆம் தேதி ஜீட்டா சிங்கைத் தூக்கிலிட்டார்கள். அதே நாளுக்குத் தேதி குறிக்கப்பட்டிருந்த ஹர்பன்ஸ் சிங், "காஷ்மீராவுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா" என்று கடைசி நேரத்தில் மனுப் போட்டுத் தடை வாங்கிவிட்டார். குற்றத்தில் மூவருக்கும் ஒரே பங்குதான் என்பதில் உச்ச நீதிமன்றத்துக்கே பின்னால் சந்தேகம் இருக்கவில்லை.

இவர்கள் சாகத் தகுதியானவர்களா என்று நான் கேட்கவில்லை. ஜீட்டா சிங்கின் கேஸ் கட்டு பக்கத்து அறைக்குப் போயிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா, இல்லையா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

நேர்வழி:
பிழைத்திருக்கலாம். அதற்கென்ன? ரயில் ஒன்று தடம் புரண்டது என்று எல்லா ரயிலையும் நிறுத்திவிடுவோமா? குளறுபடியைச் சரிசெய்வோம், தண்டனை இருக்கட்டும்.

மும்பையில் 2008 நவம்பரில் 166 பேரைக் கொன்ற கூட்டத்தில் உயிரோடு பிடிபட்டவன் கசாப் ஒருவன்தான். துப்பாக்கியோடு நிற்கும் படமே இருக்கிறது. அவனுக்கும் இதே கதையைச் சொல்வீர்களா? 2012 நவம்பர் 21 அன்று எரவாடா சிறையில் அவனைத் தூக்கிலிட்டபோது நான் ஒரு நிமிடம் கூட வருத்தப்படவில்லை. களை எடுத்தால்தான் பயிர் நிற்கும்.

தெக்கத்தியான்:
நேர்வழி நண்பரே, களை எது பயிர் எது என்று பார்க்கிற கண் சரியாக இருக்கிறதா என்பதுதானே இங்கே பேச்சு.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதை உத்தரப் பிரதேசத்திலிருந்து சொல்ல வேண்டியதே இல்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு என்றது. ஒருவர் விடாமல் 26 பேர்! அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை வெளியே அனுப்பியது, மூன்று பேருக்கு ஆயுளாகக் குறைத்தது. தூக்கு நின்றது நான்கு பேருக்கு. அதில் நளினிக்கு ஆளுநர் மூலமாகக் குறைந்தது. மீதி மூவரின் கருணை மனு 11 வருடம் மேசையில் கிடந்து 2011இல் நிராகரிக்கப்பட்டது. செப்டம்பர் 9 என்று தேதியே குறித்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்திராவிட்டால் கதை அன்றோடு முடிந்திருக்கும்.

அப்புறம் 2013இல் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, ஓய்வு பெற்ற பிறகு, அந்த மூவரில் ஒருவரான பேரறிவாளன் சொன்னதில் ஒரு பகுதியைத் தான் எழுதாமல் விட்டதாகச் சொன்னார். வாங்கிக் கொடுத்த, குண்டில் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட 9 வோல்ட் பேட்டரி எதற்கு என்று பேரறிவாளனுக்குத் தெரியாது என்ற பகுதி. 2014 பிப்ரவரி 18 அன்று மூவரின் தூக்கும் ஆயுளானது. 2022 மே 18 அன்று பேரறிவாளனை உச்ச நீதிமன்றமே விடுவித்தது. குறித்த தேதியில் தூக்கிலிட்டிருந்தால் அந்த அதிகாரி யாரிடம் போய் என்ன சொல்லியிருப்பார்?

சும்மா_ஒரு_ஆள்:
ராஜீவ் வழக்கு வந்துவிட்டது. இனி இந்த இழை 40 பக்கம் ஓடும். நான் டீ குடித்துவிட்டு வருகிறேன்.

நேர்வழி:
தெக்கத்தியான், அந்த வழக்கில் அரசியல் கலந்திருக்கிறது, அதை விடுங்கள். நீங்கள் சொன்னதையே திருப்பிச் சொல்கிறேன்: 26 பேரில் 22 பேரைக் காப்பாற்றியது மேல்முறையீடுதானே? வடிகட்டி வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

கறுப்பங்கி:
நான் கிரிமினல் பக்கம் வழக்காடுகிறவன். இந்த வடிகட்டி வாதத்தைக் கோர்ட் வராண்டாவில் மாதம் ஒருமுறையாவது கேட்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. மரண தண்டனைக் கைதிகளைச் சிறை சிறையாகப் போய்ப் பார்த்துச் செய்தது. 2000 முதல் 2015 வரை விசாரணை நீதிமன்றங்கள் கொடுத்த தூக்குகளில் கடைசி வரை நின்றது சுமார் 5 சதவீதம்தான். ஏறக்குறைய 30 சதவீதம் பேர் முழு விடுதலை. கவனியுங்கள், தண்டனைக் குறைப்பு இல்லை, குற்றமே நிரூபணமாகவில்லை என்று விடுதலை. நூறு தூக்கில் முப்பது ஆளே தப்பு என்றால் அதை வடிகட்டி என்று சொல்வீர்களா? கலக்கிய தண்ணீரை முதலில் ஊற்றியது யார் என்று நான் கேட்பேன்.

அதே ஆய்வு சொல்லும் இன்னொன்று: தூக்குக் கைதிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். இது எனக்கு ஆய்வு சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. வசதியுள்ளவனுக்கு முதல் நாளே நல்ல வக்கீல் வந்து நிற்பார். இல்லாதவனுக்கு இலவச சட்ட உதவியில் ஒருவர் வருவார். அவர்களில் நல்லவர்களும் உண்டு, நானே அப்படிச் சில வழக்கு பார்த்திருக்கிறேன். ஆனால் கட்டைப் படிக்கவே நேரம் இல்லாமல் குறுக்கு விசாரணைக்கு எழுந்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன். முதல் கோர்ட்டில் கேட்காமல் விட்ட கேள்வியை மேலே போய்க் கேட்க முடியாது. பதிவில் இருப்பதை வைத்துத்தான் எல்லாமே.

வடிகட்டியே ஓட்டை என்பதற்கு ஒரு வழக்கு. மகாராஷ்டிரத்தில் நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு பேர், கொலை, பாலியல் வன்முறை வழக்கு. உயர் நீதிமன்றம் மூவருக்குத் தூக்கை உறுதி செய்து மூவருக்கு ஆயுளாக்கியது. 2009இல் உச்ச நீதிமன்றம் அந்த மூவரின் ஆயுளையும் திரும்பத் தூக்காக்கி, ஆறு பேருக்கும் தூக்கு என்றது. அங்குஷ் மாருதி ஷிண்டே வழக்கு என்று தேடினால் கிடைக்கும். 2019 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம் மறுபடி கேட்டு, ஆறு பேரும் நிரபராதிகள் என்று விடுதலை செய்தது. உள்ளே கழிந்தது 16 வருடம். ஆளுக்கு 5 லட்ச ரூபாய் இழப்பீடு. 2009 தீர்ப்பை எழுதியவர்கள் மோசமானவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் அன்றைக்குத் தங்கள் தீர்ப்பில் சந்தேகமே இருந்திருக்காது.

ஏட்டுச்சுரைக்காய்:
கறுப்பங்கி சார், "அரிதினும் அரிதான வழக்கு" என்ற அளவுகோல் இதைத் தடுக்கத்தானே வந்தது?

கறுப்பங்கி:
ஆமாம். 1980இல் பச்சன் சிங் வழக்கு. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் தூக்கு செல்லும் என்றார்கள், ஆனால் ஆயுள்தான் பொது விதி, வேறு வழியே இல்லை என்கிறபோதுதான் தூக்கு என்று கட்டுப் போட்டார்கள். குற்றத்தை மட்டும் பார்க்காதே, குற்றவாளியையும் பார், திருந்துவானா என்று பார் என்றார்கள். நீதிபதி பகவதி ஒருவர்தான் மறுத்தார். இது நீதிபதியின் மனதைப் பொறுத்து மாறும், அதனால் செல்லாது என்பது அவர் வாதம்.

யார் சொன்னது நடந்தது என்று பார்க்கலாம். 1995 டிசம்பரில் ராவ்ஜி என்பவரின் வழக்கில் ஓர் அமர்வு குற்றத்தின் கொடூரம்தான் முக்கியம், குற்றவாளியின் நிலை அல்ல என்று எழுதியது. பச்சன் சிங் சொன்னதற்கு நேர் எதிர். ஐவர் சொன்னதை இருவர் மாற்றவே முடியாது, ஆனாலும் யாரும் கவனிக்கவில்லை. அந்தத் தீர்ப்பை நம்பி இன்னும் பல பேருக்குத் தூக்கு உறுதியானது. 2009இல், சந்தோஷ் குமார் பரியார் வழக்கில்தான், ராவ்ஜி தீர்ப்பே பிழை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ராவ்ஜியை 1996இலேயே தூக்கிலிட்டாகிவிட்டது. 2012இல் ஓய்வு பெற்ற நீதிபதிகள் 14 பேர், இப்படிப் பிழையாகத் தூக்கு விதிக்கப்பட்ட 13 பேரின் தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார்கள். ஓய்வு பெற்ற பிறகு எழுதினார்கள் என்பதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, இங்கே வேண்டாம்.

கோடைமழை:
இங்கே எல்லோரும் தூக்குக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பவனைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் இந்தப் பக்கம்.

என் சித்தப்பாவை வரப்புத் தகராறில் வெட்டினார்கள். எனக்கு அப்போது 19 வயது. மூன்று பேர் மேல் வழக்கு. கண்ணால் பார்த்தவர்கள் நான்கு பேர், இரண்டு பேர் கோர்ட்டில் பிறழ்ந்துவிட்டார்கள். வழக்கு முடிய ஒன்பது வருடம். சித்தி ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறிப் போவார். பாதி நாள் "இன்றைக்கு நீதிபதி லீவு" என்பதுதான் பதில். அரசு வக்கீல் நான்கு முறை மாறினார், ஒவ்வொருவரிடமும் சித்தி முதலிலிருந்து சொல்ல வேண்டும். எத்தனை வெட்டு, எங்கெங்கே வெட்டு என்று. கடைசியில் ஒருவனுக்கு ஆயுள், இரண்டு பேர் விடுதலை.

அன்றைக்கு என் கையில் கயிறு கொடுத்திருந்தால் நானே இழுத்திருப்பேன். பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் 15 வருடம் கழித்து, ஒரு கல்யாண மண்டபத்தில் அவனைப் பார்த்தேன். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் வெளியே வந்ததை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. "ஆயுள்" என்று சொன்னீர்களே, யார் ஆயுள்? தூக்கை எடுத்துவிடுங்கள் என்பவர்கள் இதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

நேர்வழி:
கோடைமழை அக்கா, நான் சொல்ல வந்ததை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள்.

கோடைமழை:
தம்பி, நான் உங்கள் கட்சி என்று சொல்லவில்லையே. ஒன்று யோசித்துப் பாருங்கள். விடுதலையான இரண்டு பேரில் ஒருவன்தான் முதல் வெட்டு வெட்டியவன் என்று சித்தி இன்றும் சொல்கிறார். ஆயுள் வாங்கியவன் பின்னால் ஓடி வந்தவன். அவனுக்குத் தூக்கு கொடுத்திருந்தால் வெட்டியவன் வெளியே, ஓடி வந்தவன் கயிற்றில். எனக்கு அப்போது அது போதுமாக இருந்திருக்கும், அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது.

கறுப்பங்கி:
அக்கா கேட்டதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். சட்டப்படி ஆயுள் என்றால் சாகும் வரை. 14 வருடம் என்பது ஜனங்கள் மத்தியில் புழங்கும் தவறான கணக்கு. கொலை மாதிரி குற்றத்தில் 14 வருடம் முடியாமல் முன்விடுதலை கொடுக்கக் கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ பிரிவு சொன்னது. அது தரைமட்டம், அதற்கு மேல் அரசின் முடிவு. நடைமுறையில் தலைவர்கள் பிறந்தநாள் வந்தால் பட்டியல் தயாராகும் என்பதும் உண்மை.

இதற்கு உச்ச நீதிமன்றம் 2008இல் ஒரு நடுவழி கண்டது, சுவாமி சிரத்தானந்தா வழக்கில். தூக்குக்கும் சாதாரண ஆயுளுக்கும் நடுவே, இத்தனை வருடம் வரை முன்விடுதலை பேச்சே கூடாது என்று நீதிமன்றமே சொல்லலாம். 20, 25, 30 வருடம், அல்லது சாகும் வரை. 2015இல் ஐவர் அமர்வு இதை உறுதி செய்தது. ஆனால் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மட்டும்தான் இப்படிச் சொல்ல முடியும் என்று வரம்பு போட்டது. என் கணக்கில் தூக்கின் இடத்தை நிரப்ப இது போதும். உள்ளே இருப்பவன் நிரபராதி என்று தெரிந்தால் கதவைத் திறக்கலாம்.

விடுதலையைக் குடும்பத்துக்குச் சொல்லாதது தனி அநியாயம். பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டுத் திட்டம் என்று 357ஏ பிரிவு 2009இலேயே வந்தது. சித்திக்கு யாராவது சொன்னார்களா?

கோடைமழை:
இப்போது நீங்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

உப்புக்காற்று:
நான் சிங்கப்பூரில் இருப்பவன். தூக்கு இருந்தால் பயம் இருக்கும் என்பதற்கு எல்லோரும் எங்கள் ஊரைக் காட்டுவார்கள். இங்கே 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தூக்கு. 2022 ஏப்ரலில் நாகேந்திரன் தர்மலிங்கம் என்ற மலேசியத் தமிழரைத் தூக்கிலிட்டார்கள், கொண்டு வந்தது 42 கிராம் சொச்சம். அறிவுத்திறன் குறைவு என்று வக்கீல்கள் வாதாடினார்கள், எடுபடவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியா அடுத்த ஆண்டே கட்டாய மரண தண்டனையை எடுத்துவிட்டது, ஆயிரம் பேர் போல மறுபரிசீலனைக்கு மனுப் போட வழி திறந்தது. இங்கே ஊர் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கயிற்றாலா, மாட்டிக்கொள்வோம் என்ற நிச்சயத்தாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தெக்கத்தியான்:
பிரித்துப் பார்க்க நம் பக்கத்திலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944இல் தூக்கை எடுத்துவிட்டது. இந்தியச் சட்டம் வந்தபோது திரும்ப வந்தது. தூக்கு இல்லாத 1945-50இல் 962 கொலை, தூக்கு இருந்த 1950-55இல் 967 என்று ஒரு கணக்கு இந்த விவாதங்களில் எப்போதும் வரும். இதை வைத்துத் தூக்கு பயனில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஐந்தைந்து வருடக் கணக்கு அது. ஆனால் எடுத்தால் ரத்த ஆறு ஓடும் என்பவர்கள் ஒருமுறை பார்க்கட்டும்.

ஏட்டுச்சுரைக்காய்:
பாலியல் குற்றத்துக்குத் தூக்கு என்பதிலும் இதே சிக்கல். 2012 டெல்லி சம்பவத்துக்குப் பிறகு சட்டத்தைத் திருத்த ஆலோசனை சொல்ல அமைத்த வர்மா குழுவே பாலியல் வன்முறைக்குத் தூக்கைப் பரிந்துரைக்கவில்லை. விட்டாலும் தூக்கு, கொன்றாலும் தூக்கு என்றால் சாட்சியை எதற்கு உயிரோடு விடுவான்? அதோடு, செய்தவன் மாமாவாகவோ பக்கத்து வீட்டுக்காரனாகவோ இருக்கும்போது, அவனுக்குக் கயிறு என்று தெரிந்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் வாயைக் குடும்பமே அடைக்கும்.

நேர்வழி:
சரி, இறங்கி வருகிறேன். சாதாரண கொலைக்கு வேண்டாம். பயங்கரவாதத்துக்கு மட்டும் இருக்கட்டும். 2015இல் நீதிபதி ஏ.பி. ஷா தலைமையில் சட்ட ஆணையத்தின் 262ஆவது அறிக்கையும் அதைத்தானே சொன்னது? எல்லாவற்றுக்கும் எடுத்துவிடுங்கள், பயங்கரவாதத்துக்கும் நாட்டுக்கு எதிரான போருக்கும் வையுங்கள் என்று. அவர்கள் ஒன்றும் ரத்தவெறி பிடித்தவர்கள் இல்லையே.

கறுப்பங்கி:
அந்த அறிக்கையில் எனக்கு உடன்பாடில்லாத இடமே அதுதான். பிழை எங்கே அதிகம் வரும்? ஊரே கொதித்துக்கொண்டிருக்கும் வழக்கில். யாரையாவது பிடி, சீக்கிரம் பிடி என்ற அழுத்தம் அங்கேதான் உச்சம். குஜராத் அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் 2002இல் நடந்தது, 30 பேருக்கு மேல் இறந்தார்கள். பொடா (தடாவுக்குப் பின் வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) நீதிமன்றம் மூவருக்குத் தூக்கு கொடுத்தது, உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மூவர் உட்பட ஆறு பேரையும் விடுதலை செய்து, புலனாய்வைக் கடுமையாகச் சாடியது. அன்றைக்குத் தேர்தல் முடிவு நாள், அதனால் யாரும் கவனிக்கவில்லை. உங்கள் விதிவிலக்கை வைத்தால் மிச்சம் இருப்பது அப்படிப்பட்ட வழக்குகள்தான்.

நேர்வழி:
அக்ஷர்தாம் எனக்குத் தெரியாது. படித்துவிட்டு வருகிறேன். ஆனால் கசாப் விஷயத்தில் நான் மாற மாட்டேன்.

தெக்கத்தியான்:
மாற வேண்டாம். கசாப்பை மட்டும் பிடிக்கிற வலை எப்படி நெய்வது என்று மட்டும் சொல்லுங்கள்.

சும்மா_ஒரு_ஆள்:
டீ குடித்துவிட்டு வந்தால் யாரும் யாரையும் திட்டவில்லை. தளம் மாறி வந்துவிட்டேனோ? சரி, ஒரு சந்தேகம். முதல் பதிவில் ஹர்பன்ஸ் சிங் தடை வாங்கினார் என்றீர்கள். அவர் கடைசியில் என்ன ஆனார்?

ஏட்டுச்சுரைக்காய்:
1982 தீர்ப்பு. கருணை மனு ஒருமுறை நிராகரிக்கப்பட்டாகிவிட்டதால், நீதிமன்றம் தானே குறைக்காமல், ஆயுளாகக் குறைக்கலாம் என்று குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்து அனுப்பியது. அதே தீர்ப்பில் ஜீட்டா சிங் பற்றியும் ஒரு பத்தி இருக்கிறது. அவரும் அப்படி ஒரு மனுப் போட்டிருந்தால் கிடைத்திருக்கும், ஆனால் இப்போது இந்த உத்தரவால் அவருக்குப் பயனில்லை என்று.